எட்சாக்ல பென்சிலோட உக்காந்தப்பதான் அட்ரஸிங் மோட் புரிஞ்சுது

கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன் பேப்பருக்கு படிக்கிறவங்களுக்காக எழுதறேன். இண்டெக்ஸ்டு அட்ரஸிங் (ஒரு ரிஜிஸ்டர்ல இருக்கிற நம்பரை கூட்டி மெமரி அட்ரஸை கண்டுபிடிக்கிறது), சப்ரூட்டீன் லிங்கேஜ் (தனியா எழுதின துணை ப்ரோக்ராமுக்கு போய் திரும்பி வர்ற வழி) ரெண்டையும் மனப்பாடம் பண்ணி எழுதி மார்க்கும் வாங்கிட்டேன், ஆனா வைவாவுல "இது இல்லாட்டி என்ன ஆகும்"னு கேட்டாங்க, பதில் வரல. அப்புறம்தான் 1949-ல கேம்பிரிட்ஜ்ல ஓட ஆரம்பிச்ச எட்சாக்ங்கற பழைய கம்ப்யூட்டர் பக்கம் போனேன், அதுல ஆரம்பத்துல இண்டெக்ஸ் ரிஜிஸ்டரே கிடையாது.

மெமரியில 100-லருந்து 109 வரைக்கும் உள்ள இடங்கள்ல இருக்கிற பத்து நம்பரை கூட்டணும்னு வைங்க. 'ஏ 100'ங்கற ஆர்டரையே, அதாவது '100-ல இருக்கிறத கூட்டு'ங்கற கட்டளையையே, ஒரு நம்பரா அக்யுமுலேட்டர்ல (கணக்கு நடக்கிற ரிஜிஸ்டர்) எடுத்து, அட்ரஸ் இடத்துல 1 மட்டும் இருக்கிற கான்ஸ்டன்ட்டை கூட்டி, திரும்ப அதே இடத்துல வெச்சா அது 'ஏ 101' ஆயிடும், அவ்வளவுதான், ப்ரோக்ராம் தன்னையே திருத்திக்குது. இருக்கிறது ஒரே அக்யுமுலேட்டர், அதனால அதுவரைக்கும் வந்த கூட்டுத்தொகைய முன்னாடியே வேற இடத்துல போட்டு வைக்கணும். நான் எழுதினது முதல் தடவை சரியா வந்துச்சு, அதே லூப்புக்கு ரெண்டாவது தடவை போனப்ப தப்பு விடை. ரொம்ப நேரம் முழிச்சேன். ஆர்டர் 'ஏ 110'லயே நின்னுருக்கு, ஆரம்பத்துல அதை பழையபடி 'ஏ 100' ஆக்கவே இல்ல!

இதவிட அழகு, சப்ரூட்டீனுக்கு போய் திரும்பி வர்றதுக்கு எட்சாக் குழுவுல இருந்த டேவிட் வீலர் கண்டுபிடிச்ச ஜம்ப். 60-ல 'ஏ 60'னு எழுதுவாங்க, அக்யுமுலேட்டர் காலியா இருந்தா அந்த ஆர்டரே உள்ள வந்துடும், 61-ல இருக்கிற ஆர்டர் சப்ரூட்டீனுக்கு தாவும். அங்க போனதும் 'யூ 2'ங்கற கான்ஸ்டன்ட்டை கூட்டுவாங்க. ஏ-க்கு கோட் 28, யூ-க்கு 7, மொத்தம் 35, அஞ்சு பிட்டுல 32 கழிஞ்சு போய் 3 நிக்கும், அதுதான் இ, அதாவது ஜம்ப் ஆர்டர். அட்ரஸ் 62. 'இ 62'வ சப்ரூட்டீனோட கடைசியில நட்டு வெச்சா வேலை முடிஞ்சதும் தானா வந்த வழிக்கு திரும்பிடும். இத கையால போட்டு பார்த்த அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல.

மான்செஸ்டர் மார்க் 1-ங்கற கம்ப்யூட்டர்ல பி-லைன்ங்கற தனி ரிஜிஸ்டர் வந்ததும் ஆர்டரை திருத்தாமலே அட்ரஸை நகர்த்த முடிஞ்சுது, இண்டெக்ஸ் ரிஜிஸ்டரோட ஆரம்பம் அதுதான். இது இல்லாட்டி ஆர்டரையே திருத்திட்டு இருக்கணும்கறதுதான் வைவாவுல நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

ஒரு தாள்ல இருபது கட்டம் போட்டு, பென்சில்ல எழுதி, ஆர்டர் மாறுற ஒவ்வொரு தடவையும் அழிச்சு எழுதுங்க, சிமுலேட்டர் எல்லாம் அப்புறம். அது பழகினதும் பிடிபி-8ங்கற பழைய மினிகம்ப்யூட்டர எடுங்க, அதுல சப்ரூட்டீனோட முதல் வேர்டுலயே ரிட்டர்ன் அட்ரஸை எழுதிடும். ஒரு ரூட்டீன் தன்னையே கூப்பிட்டா என்ன ஆகும்னு அதே கட்டத்துல ட்ரேஸ் பண்ணுங்க, ரெண்டாவது அழைப்புலயே பழைய அட்ரஸ் அழிஞ்சு போறது கண்ணு முன்னாடி தெரியும், ஸ்டாக் (ரிட்டர்ன் அட்ரஸ்களை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி வைக்கிற இடம்) எதுக்குன்னு தனியா படிக்க வேண்டியிருக்காது.