சம்ப் மூடி மேல் பதவியேற்பு

காலையில மயிலாப்பூர் ஃபிளாட்ல புதுத் தலைவர் பதவியேற்பு உரை. நின்ன இடம் சம்ப், அதாவது தரைக்கு அடியில இருக்கிற தண்ணித் தொட்டியோட மூடி. முக்கால் மணி நேரமாச்சு. மோட்டார் போட ஆளில்ல, மாடி டேங்க் காலி.

1841-ல அமெரிக்க அதிபர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் குளிர்ல கோட்டு, தொப்பி இல்லாம கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் பேசினார். பதவியில இருந்தது ஒரே மாசம்!

நீளப் பேச்சுதான் ஆளை முடிச்சிதுன்னு ரொம்ப காலம் சொன்னாங்க. வெள்ளை மாளிகை குடிதண்ணியில சாக்கடை கலந்திருக்கலாம்னு பின்னாடி மருத்துவ ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டாங்க.

சம்ப் வாய் தரையை விட அரை அடியாவது உசரமா இருக்கணும். இல்லேன்னா ஒரு மழைக்கே பக்கத்துச் சாக்கடைத் தொட்டி பொங்கி உள்ள இறங்கிடும். அப்புறம் மொத்தத் தண்ணியையும் இறைச்சு, சுவரைத் தேய்ச்சு, ப்ளீச்சிங் பவுடர் போடணும்.

தலைவர் நிக்கிற மூடி தரையோட தரையா கிடக்கு.

அவர் இப்பதான் "இரண்டாவதாக"ன்னு ஆரம்பிக்கிறார்.