கழட்டி மாட்டற கடை

சிபியு மூடியைக் கழட்டுன உடனே அது எந்தத் தொழில் நடக்கற எடத்துல இருந்து வந்திருக்குன்னு நான் சொல்லிருவேனுங்க. ஸ்பின்னிங் மில்லுன்னா ஃபேனைச் சுத்தி பஞ்சு மெத்தை மாதிரி அப்பியிருக்கும், அரிசி மில்லுன்னா தவிட்டுத் தூசி, விரலை வெச்சா மாவாட்டம் ஒட்டும், கோழிப்பண்ணைன்னா தீவன வாசமும் எலி கடிச்ச ஒயரும் இருக்கும். எல்லாத்துலயும் கஷ்டம் தேங்கா எண்ணெய் மில்லு தான். தூசியும் எண்ணெய் ஆவியும் சேந்து களிம்பாட்டம் ஆயிருக்கும், ப்ளோவர் அடிச்சா நவுறாது, ஐபிஏங்கற ஆல்கஹாலை ஊத்தி பிரஷ்ல தேய்க்கணும், ஒரு மெஷினுக்கு அரை நாள் போயிரும்.

காங்கேயத்துல 2003ல கடை போட்டேன். அப்ப எங்க ஊரு ஈரோடு மாவட்டம், 2009ல தான் திருப்பூர் மாவட்டத்துக்குப் போச்சு. கோயமுத்தூரு காந்திபுரத்துல ஒரு கடையில மூணு வருசம் வேலை பாத்துட்டு வந்து ஆரம்பிச்சது. ஆனா நான் இந்தத் தொழிலை மொதல்ல பாத்தது எங்க மாமன் வெச்சிருந்த மோட்டார் காயில் கட்டற பட்டறையிலன்னு தான் சொல்லுவேன். பள்ளிக்கூடம் லீவுன்னா அங்கயே தான் கெடப்பேன். வெங்காயம் நட்ட காட்டுக்காரரு மோட்டார் எரிஞ்சு போச்சுன்னு வண்டியில கட்டிக் கொண்டாருவாரு, ரெண்டு நாள் தண்ணி பாயலைன்னா பயிரு போயிரும்னு அவரு மூஞ்சியிலயே எழுதியிருக்கும், மாமன் எந்தக் கம்பெனி மோட்டாருன்னு கூடக் கேக்க மாட்டாரு, கழட்டி எரிஞ்ச கம்பியை உருவி எத்தனை சுத்துன்னு எண்ணி நோட்டுல குறிச்சுக்குவாரு, ராத்திரியோட ராத்திரியா புதுசாச் சுத்தி வார்னிஷ் ஊத்தி பல்பு சூட்டுல காய வெச்சு காலையில குடுத்துருவாரு.

ஜி.டி.நாயுடு 1937லயே மோட்டார் செஞ்ச சீமைங்க இது. பம்பு செய்யற பெரிய கம்பெனிக எல்லாம் நம்ம பக்கம் தான் இருக்கு, அதே எடத்துல தெருவுக்கு ஒரு காயில் பட்டறையும் பொழைச்சுது. ரெண்டும் எப்படி ஒட்டுக்கா பொழைச்சுதுன்னு நான் நெறைய யோசிச்சிருக்கேன். 6205ன்னு பேரிங் நம்பர் போட்டிருந்தா எந்தக் கம்பெனி பேரிங்கும் அதுல உக்காரும். கம்பியோட கேஜ் நம்பரும் எந்தக் கம்பெனிக்கும் ஒரே கணக்கு தான். கம்பெனிக்காரரு மோட்டாரை வித்ததுக்கு அப்புறம் அந்த மோட்டாரு காட்டுக்காரரோடது, அவரு யாருகிட்ட வேணாலும் கழட்டச் சொல்லலாம்.

அசெம்பிள்டு கம்ப்யூட்டரும் அப்படித்தான் வந்துச்சு. ஐபிஎம் 1981ல பிசியை வெளிய விட்டப்ப உள்ள இருக்கற சர்க்யூட் விவரத்தைப் புத்தகமாவே போட்டு வித்தாங்க. அப்புறம் 1995ல இன்டெல் ஏடிஎக்ஸ்னு ஒரு அளவைப் போட்டுச்சு, போர்டுல ஓட்டை எங்க வரணும், உள்ள கரண்ட் குடுக்கற டப்பா, அதான் எஸ்எம்பிஎஸ், எந்த சைஸ்ல இருக்கணும், எந்தப் பின்னுல எத்தனை வோல்ட்டுன்னு எல்லாம் அதுல இருக்கு. அதனால தான் ஒரு கம்பெனி போர்டு, இன்னொரு கம்பெனி ராம், வேற யாரோ செஞ்ச கேபினட்டுன்னு வாங்கி காங்கேயத்துல உக்காந்துக்கிட்டு என்னால ஒரு கம்ப்யூட்டரை உருவாக்க முடிஞ்சுது. நான் கடை போட்டப்ப பெரிய கம்பெனி டெஸ்க்டாப் 40,000த்துக்கு மேல, நாங்க 28,000க்குக் குடுத்தோம், அதுல எனக்கு 1,500 நின்னாவே பெருசு. டிவிஎஸ் கோல்டு கீபோர்டு, பில் அடிக்க எம்எஸ்பி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், கணக்கு எழுத டேலி சாஃப்ட்வேர், ஒரு யுபிஎஸ்ஸு, இவ்வளவு தான் ஒரு மில்லு ஆபீசு. பேப்பர்ல முழுப் பக்கம் விளம்பரம் குடுத்துக்கிட்டு இருந்த நம்ம நாட்டுக் கம்பெனிகளைப் பாத்து அப்பப் பயந்திருக்கேன், ஆனா விப்ரோ 2013ல கம்ப்யூட்டர் செய்யறதையே நிறுத்திருச்சு, எச்சிஎல்லும் அந்த வாக்குலயே வெளிய போயிருச்சு, எங்க கடை இருந்துச்சு.

இருந்ததுக்குக் காரணம் நாங்க யோக்கியமா இருந்தது மட்டும்னு சொன்னா அது பொய்யிங்க. காப்பி போட்ட விண்டோஸை ஏத்திக் குடுத்துத் தான் அந்த வெலை வித்தியாசத்துல பாதி வந்துச்சு. கஸ்டமரும் கேக்கல, நாங்களும் சொல்லல. கேபினட்டோட வர்ற எஸ்எம்பிஎஸ்ல 450 வாட்ஸ்னு ஸ்டிக்கர் இருக்கும், கையில தூக்கிப் பாத்தாவே உள்ள ஒண்ணும் இல்லைன்னு தெரியும், தெரிஞ்சே போட்டிருக்கேன். ஒரு சைசிங் மில்லுல அது போனப்ப போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. என் கைக்காசுல ரெண்டும் மாத்திக் குடுத்தேன், ஆனா அதுல இருந்த நாலு வருசக் கணக்கை நான் எங்கிருந்து குடுக்கறது? அன்னைக்கு இருந்து அந்த எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடறதில்ல, லைசென்ஸ் இல்லாத விண்டோஸையும் கொஞ்ச நாள்ல நிறுத்திட்டேன். நிறுத்துன உடனே கால்வாசி வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போச்சு, போனாப் போவுதுன்னு விட்டேன். பெரிய கம்பெனி ஜெயிச்சதுக்கு நம்மாளுகளே இப்படிப் பாதி வழி போட்டுக் குடுத்தோம்ங்கறதை இந்தத் தொழில்ல இருக்கறவங்க ஒத்துக்கணும்.

வெலையில அடிபட்டது அப்புறம். அவங்க பிராசசரை லட்சக்கணக்குல வாங்கறாங்க, விண்டோஸ் அவங்களுக்குக் கெடைக்கற வெலை வேற எனக்குக் கெடைக்கற வெலை வேற, தீபாவளி ஆஃபர்ல பேங்க் கார்டுக்குத் தள்ளுபடி வேற. எனக்கு டீலர் போடற வெலையை விடக் கம்மியா கஸ்டமர் போன்ல காட்டுவாரு. அதுல எனக்குக் கோவம் இல்லீங்க, கம்மியா கெடைச்சா வாங்கத்தான் செய்வாங்க, நானா இருந்தாலும் வாங்குவேன். 2011 கடைசியில தாய்லாந்து வெள்ளத்துல ஹார்ட் டிஸ்க் ஃபேக்டரி எல்லாம் முழுகி வெலை ரெண்டு மடங்குக்கு மேல போச்சு, அடுத்த வருசமே நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் இல்ல, யுபிஎஸ் பேட்டரி வித்தே அந்த வருசத்தை ஓட்டுனோம். வெலை ஏறும் எறங்கும், அதைத் தாங்கிக்கலாம்.

எனக்கு வெசனம் வந்தது வேற எடத்துல. 2017ல ஜிஎஸ்டி வந்த உடனே அது வரைக்கும் சிட்டையில எழுதிக்கிட்டு இருந்தவங்க எல்லாம் கம்ப்யூட்டர் வாங்குனாங்க, அந்த ஆறு மாசம் மாதிரி ஒரு வியாபாரம் நான் பாத்ததே இல்ல. அதுல ஒரு எண்ணெய் மில்லுக்காரரு ஆன்லைன்ல ஒரு பெரிய கம்பெனி டெஸ்க்டாப் வாங்கிட்டாரு, 4,000 ரூபா மிச்சம். ஒண்ணரை வருசம் கழிச்சு ஒரு சனிக்கிழமை பொழுதோட ஆறரை மணிக்கு போன் பண்றாரு, கேரளாவுக்கு லோடு ஏத்தி லாரி நிக்குது, கம்ப்யூட்டர் ஆன் ஆகல, பில்லு போட்டாத்தான் லோடோட போக வேண்டிய ஈ-வே பில்லு, அது இல்லாம வாளையார் எல்லையைத் தாண்ட முடியாது.

போய்க் கழட்டுனா எஸ்எம்பிஎஸ் போயிருக்கு, 900 ரூபா சாமான். பையில நல்லது ஒண்ணு இருக்கு, ஆனா அந்த போர்டுல அதை மாட்டற ஏடிஎக்ஸ் 24 பின் சாக்கெட்டே இல்லீங்க. அந்தக் கம்பெனி தனக்குன்னு ஒரு சின்ன சாக்கெட் வெச்சிருக்கு, பவர் பட்டன் ஒயரும் வேற மாதிரி, கேபினட் ஓட்டையும் வேற அளவு. கஸ்டமர் கேருக்குப் போட்டா வாரண்டி முடிஞ்சிருச்சு, பார்ட்டு வர ஏழு எட்டு நாள் ஆகும்னாங்க. லாரி டிரைவரு வாசல்ல உக்காந்து என்னையவே பாக்கறாரு. டிஸ்க்கைக் கழட்டி கடைக்குக் கொண்டாந்து எங்கிட்ட இருந்த ஸ்டாண்ட்பை மெஷின்ல டேட்டாவை ஏத்தி, டேலி லைசென்ஸை ரீசெட் பண்ணி, திருப்பி மில்லுக்குக் கொண்டுபோய் பிரிண்டரை மாட்டி, லாரி கெளம்பறப்ப மணி ஒம்பதே முக்கால். மில்லுக்காரரு "ஏனுங் தம்பி, ஒரு டப்பா கரண்டுக்கு இத்தனை பாடா"ன்னு கேட்டாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. 900 ரூபா சாமான்ல ஒரு ஊரே நிக்கற மாதிரி ஒருத்தர் வேணும்னே செஞ்சு வெச்சிருக்காருங்கறதை நான் எப்படி அவருக்குச் சொல்றது?

அவரு அதுக்கப்புறம் டெஸ்க்டாப் எல்லாம் எங்கிட்டத் தான் எடுக்கறாரு. ஆனா பையனுக்கு லேப்டாப்பு ஆன்லைன்ல தான் வாங்குனாரு, ஏன்னா லேப்டாப்பை என்னால அசெம்பிள் பண்ண முடியாது. சின்னக் கடைக்காரங்களுக்கு நெசமாவே எடம் சுருங்குனது அங்க தான். 2011 செப்டம்பர்ல அரசாங்கம் பசங்களுக்கு லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சப்ப வந்த மெஷினெல்லாம் பின்னால மூடியில ரெண்டு திருகு கழட்டுனா ராமு, இன்னொரு மூடியில ஹார்ட் டிஸ்க், பேட்டரியைக் கையாலயே உருவலாம், பிளஸ் டூ பசங்களே கத்துக்கிட்டாங்க. இப்ப வர்ற மெல்லிசு மாடல் பலதுல ராம் போர்டோட சால்டர் பண்ணியே வருது, 8 ஜிபி பத்தலைன்னா புது லேப்டாப்பு தான். கீபோர்டை பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டியிருக்காங்க, நாலு கீ போனா மேல் பாகம் முச்சூடும் மாத்தணும். மெல்லிசா இருக்கணும்னா சிலது இப்படித்தான் ஆகும்னு எனக்கும் புரியுதுங்க, ஆனா ஒரு கீபோர்டை நாலு திருகுல நிறுத்தறதுக்கு எத்தனை மில்லிமீட்டர் எச்சா வேணும்?

மத்திய நுகர்வோர் துறை 2022ல பழுது பாக்கற உரிமைன்னு ஒரு கமிட்டி போட்டு, அந்த வருசம் டிசம்பர்லயே ஒரு போர்ட்டலும் தொறந்தாங்க. விவசாயக் கருவி, மொபைலு, வீட்டுச் சாமான், வண்டின்னு கம்பெனிக சர்வீஸ் விவரத்தை அதுல போடணும்னு ஏற்பாடு. நல்ல காரியம் தான், எங்க சங்கத்து ஆளுகளுக்கெல்லாம் நான் எடுத்துச் சொன்னேன். விவரம் போடறது ஒண்ணு, சர்க்யூட் படமும் பார்ட்டும் என்னை மாதிரி ஒருத்தன் கைக்குக் காசு குடுத்தா வர்றது வேற ஒண்ணு, அதுக்குத் தான் காத்துக்கிட்டு இருக்கேன். 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சுது, நல்லா ஓடிக்கிட்டு இருந்த மெஷினை எல்லாம் 11 ஏறாதுன்னு மாத்தச் சொல்றாங்க. அதே நேரத்துல ஏஐ சர்வருக்குன்னு மெமரியெல்லாம் போயி ராம் வெலை எகிறிருச்சு, மைக்ரான் கம்பெனி நம்மள மாதிரி கடையில விக்கற க்ருஷியல் ராமையே நிறுத்தறோம்னு 2025 டிசம்பர்ல சொல்லிட்டாங்க. பெரிய கம்பெனிக்கு முன்னாலயே ஒப்பந்தம் இருக்கும். எனக்கு டீலரு காலையில சொன்ன வெலை மத்தியானம் இல்லைங்கறாரு.

இதையெல்லாம் இப்ப எழுத உக்காந்ததுக்கு ஒரு லேப்டாப்பு தான் காரணம். கூட்டுறவு சங்கத்துல வேலை பாக்கற ஒரு அக்கா கொண்டாந்தாங்க, ஒண்ணே முக்கால் வருசம் ஆன மெஷினு, போர்டு போச்சு. கம்பெனி சர்வீஸ்ல போர்டு மாத்தணும், பாதி லேப்டாப்பு வெலைன்னு சொல்லியிருக்காங்க. அக்காவுக்கு லேப்டாப்பு முக்கியமில்ல. அவங்க அப்பாரு போன வருசம் தவறிட்டாரு, கண்ணபுரம் சந்தைக்குக் காளையைப் புடிச்சுக்கிட்டு நடந்து போன வீடியோ அதுல தான் இருக்கு, போன்ல அழிச்சுட்டாங்க. பழைய மெஷினா இருந்தா பத்து நிமிச வேலைங்க, டிஸ்க்கைக் கழட்டி வேற மெஷின்ல மாட்டிக் குடுத்திருப்பேன். இதுல டிஸ்க் கழட்ட வந்துச்சு, மாட்டுனா பிட்லாக்கர்ங்கற பூட்டுக்குச் சாவி கேக்குது. புது விண்டோஸ்ல அது தன்னாலயே பூட்டிக்குது, லேப்டாப் திருடு போனா அது நல்லது தான், ஆனா இப்படி ஒரு பூட்டு இருக்குன்னு வாங்குறப்ப அக்காகிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லல. சாவி ஒரு மெயில் ஐடியில இருக்கும், அந்த ஐடியைப் போட்டுக் குடுத்தது வித்த கடைப் பையன், அது என்னன்னு யாருக்கும் தெரியல. அக்கா மூணு ஐடி எழுதிக் கொண்டாந்தாங்க, மூணுலயும் இல்ல.

இன்னொரு சாவி அந்தச் செத்துப்போன போர்டுலயே இருக்கு. கம்பெனி சொல்ற மாதிரி புது போர்டு போட்டா லேப்டாப்பு ஓடும், வீடியோ வராது. அதே போர்டை உயிரோட கொண்டாந்தாத்தான் டிஸ்க்கு தொறக்கும். அதனால காந்திபுரத்துல சிப் லெவல் வேலை பாக்கற ஒரு அண்ணன்கிட்ட போன வியாழக்கெழமை பஸ்ஸுல கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தேன். மைக்ராஸ்கோப்புல வெச்சு ஒரு மணி நேரம் பாத்தாரு. பிராசசரு நல்லா இருக்கு, பவர் செக்‌ஷன்ல ஒரு ஐசி ஷார்ட் ஆயிருக்கு, அந்த ஐசி வெளிய விக்கறதில்ல, சர்க்யூட் படமும் கெடையாது, இதே மாடல்ல செத்த போர்டு இன்னொண்ணு இருந்தா அதுல இருந்து கழட்டி மாட்டிப் பாக்கலாம்னாரு. திருப்பூரு, ஈரோடு, பொள்ளாச்சின்னு தெரிஞ்ச கடைக்கெல்லாம் மாடல் நம்பரை அனுப்பியிருக்கேன், கரூர்ல ஒருத்தர் குடோன்ல தேடிப் பாத்துட்டு ஞாயித்துக்கெழமை சொல்றேன்னிருக்காரு.