பொதுச் செயலாளருக்கு ஒரு மேசை

என் நாவலின் நாடு எந்த வரைபடத்திலும் இல்லை. பனிமலைகளுக்கு நடுவே ஒரு சிறிய நாடு, ஆளுவது கம்யூனிஸ்ட் கட்சி, கதையின் நடுநாயகம் அக்கட்சியின் பொதுச் செயலாளர். முதல் வரைவில் அவருக்கு அரண்மனை, மெய்க்காவல் படை என எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்திருந்தேன். படித்த நண்பர், "இவர் செயலாளர் இல்லை, மகுடம் இல்லாத ராஜா" என்றார். சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது உண்மை.

எழுதுவதை நிறுத்திவிட்டுச் சோவியத் வரலாற்றோடு உட்கார்ந்தேன். 1922 ஏப்ரலில் ஸ்டாலின் பொதுச் செயலாளரானபோது அது பெரும்பாலும் அலுவலகப் பணியாகத்தான் பார்க்கப்பட்டது. அரசுக்குத் தலைவர் லெனின். ராணுவப் பொறுப்பு ட்ராட்ஸ்கியிடம். பொதுச் செயலாளரின் கீழிருந்த கட்சிச் செயலகத்திடம் இருந்தவை கோப்புகளும், எந்த ஊருக்கு எந்தத் தோழரை அனுப்புவது என்ற பட்டியலும்தான்.

அந்தப் பட்டியலில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. செயலகம் அனுப்பும் வட்டாரச் செயலாளர்களின் செல்வாக்கில் மாநாட்டுப் பிரதிநிதிகள் தேர்வாகிறார்கள். அவர்கள் மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மத்தியக் குழு பொதுச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கிறது. இதை நோட்டில் அம்புக்குறிகளாக வரைந்தேன். கடைசி அம்பு புறப்பட்ட இடத்திலேயே வந்து முட்டியது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஸ்டாலினிடம் அளவற்ற அதிகாரம் குவிந்துவிட்டதென்று, நோயில் கிடந்த லெனின் அதே ஆண்டு டிசம்பரில் சொல்லி எழுதவைத்தார். எட்டே மாதங்களில்!

வரைவிலிருந்து அரண்மனையை அடித்துவிட்டேன். என் செயலாளருக்கு ஒரு மேசையும் பெயர் அட்டைகள் நிறைந்த பெட்டியும் சிவப்புப் பென்சிலும் கொடுத்தேன். அவர் ஒரு பெயரின் கீழ் கோடு போடும்போது எங்கோ ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்கிறது. மனிதர் அப்போதுதான் உயிர் பெற்றார்.

அவரை எப்படி வீழ்த்துவது என்பதில்தான் நெடுநாள் திணறினேன். வழி காட்டியவை, ஸ்டாலினுக்குப் பின் சோவியத் கட்சித் தலைமைக்கு வந்த குருஷ்சேவின் இரண்டு நெருக்கடிகள். 1957 ஜூனில் உயர்மட்டத் தலைமைக் குழுவின் பெரும்பான்மை அவரை நீக்க முனைந்தது. தன்னைத் தேர்ந்தெடுத்த மத்தியக் குழுவே முடிவு செய்யட்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். உறுப்பினர்கள் ராணுவ விமானங்களில் மாஸ்கோ வந்து சேர்ந்தார்கள், அவர் தப்பினார். 1964 அக்டோபரில் எதிரிகள் அந்தத் தவறைச் செய்யவில்லை. மத்தியக் குழுவினரிடம் முன்கூட்டியே பேசி முடித்துவிட்டுத்தான், கருங்கடல் ஓரம் ஓய்விலிருந்தவரை அழைத்தார்கள். முதுமை, உடல்நலக் குறைவு என்று காரணம் அறிவிக்கப்பட்டது.

அதன் பிறகு என் கற்பனைக் கட்சிக்கு அமைப்பு விதிகளை முழுமையாக எழுதினேன். யார் கூட்டத்தைக் கூட்டலாம், எத்தனை பேர் கையொப்பமிட வேண்டும் என்பது வரை, மொத்தம் பதினொரு பக்கங்கள். நாவலில் அவற்றில் ஒரு வரியும் வராது. ஆனால் அவை இல்லாமல் வீழ்ச்சி அத்தியாயம் நகர மறுத்தது.

இப்போது அது நகர்கிறது. தட்டச்சு செய்த விலகல் கடிதத்தை உதவியாளர் மேசைமேல் வைக்கிறார். அந்த இளைஞரை மலைக் கிராமம் ஒன்றிலிருந்து பொறுக்கி எடுத்தவர் இவரேதான். முதியவர் கண்ணாடியைத் தேடுகிறார். பெயர் அட்டைப் பெட்டி வைத்திருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் தெரிகிறது.