லாட்ஜ்காரன் அறை தேடிய கதை

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அருகே ஒரு குறுக்குத் தெருவில், 22 அறைகள் கொண்ட லாட்ஜ் ஒன்றை 19 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கும் நோயாளிகளும் அவர்களோடு வரும் உறவினர்களும்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். கவுன்ட்டரில் உட்கார்ந்தே இந்தி பழகினேன். வங்காளியும் பேரம் பேசுகிற அளவுக்கு வரும். அறை கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே பழகிய நான், அயலூரில் அறை கேட்டு அலைந்தது 2025 அக்டோபரில்தான். அதற்குக் காரணம் என் தாய்மாமன்.

மாமாவுக்கு வயது 67. ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பு வேலைக்கு வருவதற்கு முன், இளம் வயதில் ஆறு ஆண்டுகள் சென்னையில் கிண்டிக் குதிரைப் பந்தய மைதானத்துக்குள் இருந்த கோல்ஃப் திடலில், ஆட வருகிறவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் கேடியாக இருந்தவர். ‘கேடி’ என்ற சொல்லுக்கு நம் ஊரில் வேறு பொருள் இருப்பதால், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பழைய வேலையைச் சொல்லாமல் மறைத்தார்கள் என்பது எங்கள் குடும்பத்தில் இன்றும் ஓடும் கதை. 2009இல் இந்தியன் ஓப்பன் கோல்ஃப் பட்டத்தை முனியப்பா வென்றதை, தம் வீட்டுப் பிள்ளை வென்றதைப் போல இப்போதும் சொல்லிக்கொண்டிருப்பார்; பெங்களூரில் கேடியாகப் பை தூக்கி வளர்ந்தவர் அந்த முனியப்பா. 2025இல் ரோரி மக்கில்ராய் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்று, கோல்ஃபின் நான்கு பெரும் போட்டிகளையும் வென்ற ஆறாவது ஆட்டக்காரரானது, நம் நேரப்படி ஏப்ரல் 14ஆம் தேதி, தமிழ்ப் புத்தாண்டு விடியற்காலையில். கனி பார்ப்பதற்கு முன் கைப்பேசியைப் பார்த்தார் என்று அத்தை கோபித்துக்கொண்டார். அதே மக்கில்ராய் டெல்லிக்கு ஆட வருகிறார் என்ற செய்தியைக் காட்டி, “ஒரு தடவ நேர்ல பாத்துடணும் மாப்ளே” என்று அவர் சொன்னபோது, மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

போட்டி அக்டோபர் 16 வியாழன் முதல் 19 ஞாயிறு வரை, டெல்லி கோல்ஃப் கிளப்பின் லோதி திடலில். மறுநாள் 20ஆம் தேதி தீபாவளி. விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்கு இருவரும் வீட்டில் இருந்தாக வேண்டும் என்பது அத்தை விதித்த ஒரே நிபந்தனை. ஆகவே போவதற்கு முன்னால் திரும்பி வருவதைத்தான் முதலில் முடிவு செய்தேன். ஞாயிறு மாலை ஆட்டம் முடிந்தபின் ரயிலில் ஏறினால் தீபாவளியை நாக்பூர்ப் பக்கம்தான் கொண்டாட வேண்டியிருக்கும். விமானம் ஒன்றே வழி. பண்டிகைக்கு முந்தின இரவு என்பதால் கட்டணம் கண்ணைக் கட்டியது என்றாலும், ஜூலையிலேயே இரவு எட்டரை மணி விமானத்தில் இரண்டு இருக்கைகளைப் பதிந்துவிட்டேன். பிற்பாடு அந்த விலை இரண்டு மடங்கானதைப் பார்த்து ஆறுதல் அடைந்தேன்.

சென்னை விமான நிலையத்திலிருந்து வேலூர் வருவதற்கு என் தொழிலே கைகொடுத்தது. எங்கள் லாட்ஜிலிருந்து சென்னைக்குப் போகும் நோயாளிகளை ஏற்றிச் செல்லும் டாக்ஸிகள் திரும்பும்போது பெரும்பாலும் காலியாகத்தான் வரும். 19ஆம் தேதி இரவு விமான நிலையத்துக்கு ஒரு குடும்பத்தைக் கொண்டுபோய் விட வேண்டியிருந்த ஓட்டுநரிடம், அதே வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்படி முன்கூட்டியே சொல்லி வைத்தேன். பாதி வாடகைக்கு ஒப்புக்கொண்டார்.

போவதில்தான் தடுக்கி விழுந்தேன். காட்பாடியில் அதிகாலையில் நிற்கும் கேரளா எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் பிற்பகல் புதுடெல்லி போய்ச் சேரலாம். வண்டி மாறும் தொல்லை இல்லை. முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்னால்தான் திறக்கிறது. அக்டோபர் 14க்கு ஆகஸ்ட் 15 என்று விரல் விட்டு எண்ணி, சுதந்திர தினத்தன்று காலை எட்டு மணிக்கு முன்பே கணினியின் முன் உட்கார்ந்தேன். எட்டு அடித்ததும் திறந்து பார்த்தால், காத்திருப்போர் பட்டியல் ஏற்கெனவே நீண்டிருந்தது. அந்த வண்டி திருவனந்தபுரத்தில் புறப்படுவது முந்தின நாள் நண்பகலில்; அறுபது நாள் கணக்கு வண்டி புறப்படும் இடத்துத் தேதியிலிருந்துதான் தொடங்குகிறதே தவிர நாம் ஏறும் ஊரின் தேதியிலிருந்து அல்ல. ஆக, எனக்குரிய காலை ஆகஸ்ட் 14லேயே கடந்துவிட்டிருந்தது. எத்தனையோ விருந்தினர்களுக்கு இதே கவுன்ட்டரிலிருந்து டிக்கெட் போட்டுக் கொடுத்த எனக்கு இது தெரியாமல் போனதில் வெட்கமாக இருந்தது.

யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. சென்னையிலேயே புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸுக்கு அந்தக் கணக்குச் சிக்கல் கிடையாது. 14ஆம் தேதி இரவு பத்து மணி வண்டிக்கு அந்த நிமிடம்தான் கதவு திறந்திருந்தது. ஒரு கீழ்ப் படுக்கையாவது கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்ற கட்டத்தைத் தேர்ந்து, மூன்றடுக்கு ஏசியில் இரண்டு இடங்களை உறுதியாகப் பிடித்தேன். முழங்கால் தேய்ந்த மாமாவை மேல் படுக்கைக்கு ஏற்றுவது நடக்காத காரியம். இதனால் காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்குத் தனியாக ஒரு பயணம் கூடியது. வியாழன் விடியற்காலையில்தான் டெல்லி போய்ச் சேர முடியும் என்பதால் முதல் நாள் ஆட்டத்தையும் கைகழுவினோம்.

இனி அறை. கைப்பேசிச் செயலி ஒன்றில், புதுடெல்லி ரயில் நிலையத்துக்கு அருகே மலிவான ஓர் அறையை ஆகஸ்டிலேயே பதிந்திருந்தேன். பயணத்துக்கு ஒன்பது நாள் முன்னால் அங்கிருந்து ஒருவர் அழைத்து, தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டதாகவும் அறை தர இயலாதென்றும் மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். அந்த வருத்தம் எந்தக் கடையில் விற்கிறது என்று எனக்குத் தெரியும். பண்டிகை நெருங்க நெருங்க வாடகை ஏறும். பழைய விலைக்குப் பதிந்தவனை ஏதாவதொரு காரணம் சொல்லிக் கழற்றிவிட்டால், அதே அறையை மூன்று மடங்குக்குக் கொடுக்கலாம். குழாய் உடைவது, பெயின்ட் அடிப்பது, முதலாளி வீட்டில் துக்கம் என்று இதற்குச் சில நிரந்தரக் காரணங்கள் எங்கள் தொழிலில் உண்டு. ஒருமுறை, நெருக்கடியான மாதத்தில், பெயின்ட் காரணத்தை நானே ஒரு குடும்பத்திடம் சொல்லியிருக்கிறேன். அதனால் அவரிடம் சண்டை போடவும் தோன்றவில்லை.

இரண்டாவது முறை செயலியின் பக்கமே போகாமல், வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மாமாவின் முழங்காலிலிருந்து தொடங்கினேன். கிளப்புக்கு நெருங்கிய மெட்ரோ நிலையம் கான் மார்க்கெட். அந்தப் பகுதியில் தங்குவது எங்கள் பணப்பைக்கு ஒத்துவராது. அதே ஊதாத் தடத்தில் மூன்றாவது நிலையம் லாஜ்பத் நகர். மெட்ரோ மாறாமல் பத்து நிமிடத்துக்குள் போய்விடலாம். அந்த வட்டாரத்து விருந்தினர் இல்லங்களின் எண்களை எடுத்து ஒவ்வொன்றாக நேரில் அழைத்து, என்னிடம் நோயாளிகளின் உறவினர்கள் கேட்கும் கேள்விகளை அப்படியே கேட்டேன். லிஃப்ட் உண்டா? உண்டென்றால் மின்சாரம் போனபோதும் ஓடுமா? கழிப்பறை வெஸ்டர்னா? அறைக்கு வெளியே எத்தனை படி? செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கா, நண்பகல் கணக்கா? கடைசி நாள் பெட்டியை எங்கே வைப்பது? ஆறு இடங்களில் “எல்லாம் இருக்கு சார்” என்றார்கள். ஏழாவது இடத்தில் பேசியவர் மட்டும், லிஃப்ட் இருக்கிறது, ஆனால் வாசலில் நான்கு படிகள் உண்டு, கைப்பிடி இல்லை என்றார். குறையைத் தானாகச் சொல்கிறவன் அறையைக் கைவிட மாட்டான் என்பது என் அனுபவம். இரண்டு நாள் வாடகையை முன்பணமாக அனுப்பி, ரசீதைக் கைப்பேசியில் வாங்கிக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்ததும்தான் அந்த வீதியின் இயல்பு புரிந்தது. லாஜ்பத் நகரில், டெல்லியின் பெரிய மருத்துவமனைகளுக்கு வரும் ஆப்கானியர்கள் தங்குவதற்கென்றே பல விடுதிகள் நடக்கின்றன. எங்கள் தளத்தில் எதிர் அறையில் வயிற்றுக் கட்டோடு ஒரு முதியவர். வாசற்படியில் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண். ரொட்டிக் கடையின் பெயர்ப்பலகை எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் இருந்தது. எங்கள் தெருவில் மீன் குழம்புச் சாப்பாட்டை வங்காளியில் எழுதி வைத்திருப்பது நினைவுக்கு வந்தது. கவுன்ட்டரில் ஆதாரின் இரு பக்கமும் நகல் கேட்டபோது, நகலைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். “நீங்களும் இந்த லைனா?” என்று கேட்டுவிட்டார் அவர்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தைத் தவறாகப் பார்த்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். நுழைவுக்குப் பதிந்தபோது கைப்பேசிக்கு வந்திருந்த குறியீட்டைக் காட்டி உள்ளே போனதும், மக்கில்ராய் எங்கே என்று கேட்டு, அந்தக் கூட்டத்தின் பின்னாலேயே நடந்தோம். 18 குழிகளையும் சுற்றி வந்தால் ஆறேழு கிலோமீட்டர் ஆகிவிடும். முன்னால் நிற்கிறவர்களின் தலைகளுக்கு மேலே ஒரு மட்டையின் நுனி தெரிந்தால் அதுவே தரிசனம். நான்காவது குழியிலேயே மாமா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை அவர் சொன்னபடி செய்தோம். காலையிலேயே, குழியைச் சுற்றிய புல்தரையான கிரீன் ஒன்றின் பக்கவாட்டில், அடுத்த குழிக்கு முதல் அடி அடிக்கும் டீ என்ற மேடையும் கண்ணில் படும் இடமாகப் பார்த்து அமர்ந்துகொண்டோம். எல்லா ஆட்டக்காரர்களும் எப்படியும் எங்களைக் கடந்துதான் போக வேண்டும். லோதி திடலில், டீயிலிருந்து கிரீனுக்குப் போகும் புல்வெளிப் பாதையான ஃபேர்வே குறுகலானது. இரு பக்கமும் முள்ளும் புதரும் அடர்ந்திருக்கின்றன. நடுவே பழங்காலக் கல்லறை மண்டபங்கள் நிற்கின்றன. மயில்கள் யாரையும் பொருட்படுத்தாமல் குறுக்கே போகின்றன. பந்து அந்தப் புதருக்குள் போனால் போனதுதான் என்பதால், மக்கில்ராய் உள்ளிட்ட பலரும் நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையை உறையிலிருந்து எடுக்கவே தயங்கினார்கள். மாமா ஆட்டக்காரர்களைவிடக் கேடிகளைத்தான் கவனித்தார். மட்டையைத் துடைத்துக் கொடுக்கும் விதம், தம் நிழல் பந்தின் கோட்டில் விழாமல் விலகி நிற்கும் இடம், அடிக்கும் நொடியில் பைக்குள் மட்டைகள் உரசிச் சத்தம் எழாதபடி கையால் அணைத்துப் பிடிப்பது ஆகியவற்றை எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். மூன்று மணி நேரம் அவர் கையும் தொடைமேல் எதையோ அணைத்துப் பிடித்தபடியே இருந்தது.

அன்று தன்தேரஸ் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. வடக்கே அந்த நாளில் பொன்னும் பாத்திரமும் வாங்க ஊரே கடைத்தெருவுக்கு வருகிறது. லாஜ்பத் நகர் அங்காடியோ டெல்லியின் நெரிசலுக்குப் பெயர்போனது. மெட்ரோவிலிருந்து அறைக்கு ஐந்து நிமிடத்தில் போகும் தூரத்துக்கு ஆட்டோ ஒன்றுகூட வரவில்லை. கனத்துக் கிடந்த காற்றில் முகக்கவசத்தோடு, கடைக்குக் கடை நின்று மூச்சு வாங்கி, மாமாவை ஒரு மணி நேரம் நடத்திக் கூட்டிப் போனேன். அயலூரில் அறை போடும்போது நம் பண்டிகையோடு அந்த ஊர்ப் பண்டிகையையும் நாள்காட்டியில் பார்த்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலையில் அறையைக் காலி செய்து, பெட்டிகளைக் கவுன்ட்டரில் ஒப்படைத்துவிட்டுப் போனோம். முந்தின நாள் முடிவில் முன்னிலையில் இருந்த ஜப்பானியர் கெய்டா நகாஜிமாவை, 65 அடிகளில் சுற்றை முடித்த டாமி ஃப்ளீட்வுட் முந்தினார். திடலுக்கு வகுத்த அடிக் கணக்கான பாருக்கு, நான்கு நாளும் சேர்த்து 22 குறைவாக ஆடி, இரண்டு அடி வித்தியாசத்தில் கோப்பை அவருக்குப் போனது. கடைசிக் கிரீனில் அவருடைய சிறு மகன் அப்பாவை நோக்கி ஓடினான். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பரிசளிப்புக்கு நிற்காமல் கிளம்பி, பெட்டிகளை எடுத்துக்கொண்டு, மத்திய செயலகத்தில் ஒன்று, புதுடெல்லியில் ஒன்று என்று இரண்டு முறை மெட்ரோ மாறி விமான நிலையம் போய்ச் சேர்ந்தோம். எல்லா இடத்திலும் லிஃப்ட் இருந்தது, தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நள்ளிரவில் சென்னையில் டாக்ஸி சொன்னபடி நின்றது. வாலாஜாவைத் தாண்டும்போதே வெடிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. மூன்று மணிக்கு மாமாவை வீட்டில் இறக்கிவிட்டபோது அத்தை நல்லெண்ணெயைக் காய்ச்சி வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். நான் சாவிக்கொத்தை வாங்க லாட்ஜுக்குப் போனேன். தாயின் சிகிச்சைக்காக வந்திருந்த அஸ்ஸாம் இளைஞர் ஒருவர் உறக்கம் வராமல் கவுன்ட்டர் அருகே அமர்ந்திருந்தார். டிசம்பரில் ஊர் திரும்ப, திருவனந்தபுரத்திலிருந்து வரும் வண்டியில் டிக்கெட் எடுக்க வேண்டும், எந்தத் தேதியில் திறக்கும் என்று கேட்டார். பையை இறக்கி வைத்துவிட்டு, நாள்காட்டியை எடுத்து, அவர் ஏறும் நாளுக்கு முந்தின நாளில் விரலை வைத்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக் காட்டினேன்.