போருக்குள்ள இழுத்துட்டுப் போற பேப்பருங்க

நான் பாக்குறது ஷிப்பிங் டாக்குமென்டேஷன் வேலை. பில் ஆஃப் லேடிங் (சரக்கு ஏத்துனதுக்கான ரசீது), மேனிஃபெஸ்ட் (கப்பல்ல இருக்குற சரக்கோட பட்டியல்), இன்சூரன்ஸ் சர்டிபிகேட், இந்த சரக்கு கடைசியா யார் கைக்குப் போகுதுன்னு எழுதி வாங்குற உறுதிமொழி, இதுங்களோடதான் பொழுது போகும். எங்கயாவது சண்டை ஆரம்பிச்சா டிவில மந்திரிங்க "நாங்க எந்தப் பக்கமும் இல்ல"ன்னு சொல்லிட்டு இருப்பாங்க, அதுக்குள்ள எங்க மெயில்ல வார் ரிஸ்க் (போர் ஆபத்து இன்சூரன்ஸ்) பிரீமியம் ஏறுன சர்க்குலர் வந்து நிக்கும், லண்டன்ல இருக்குற இன்சூரன்ஸ்காரங்களோட ஜாயின்ட் வார் கமிட்டி எந்தக் கடல் பகுதிய ஆபத்து லிஸ்ட்ல சேத்திருக்குங்கறதுதான் எங்களுக்கு தலைப்புச் செய்தி. இந்த வேலைக்கு வந்தப்பறம் முதல் உலகப் போர் பத்தி படிக்க ஆரம்பிச்சேன். ஸ்கூல்ல தேதி தேதியா மனப்பாடம் பண்ணது இப்பதான் வேற மாதிரி தெரியுது. நடுநிலை நாடுங்க நிறைய பேர் போருக்குள்ள போனது கப்பல் வழியா, அதுவும் எங்கள மாதிரி ஆளுங்க டைப் பண்ற பேப்பர் வழியா.

பெல்ஜியம் கதை வேற. 1914 ஆகஸ்ட்ல ஜெர்மனி பிரான்ஸுக்குப் போக வழி கேட்டுச்சு, முடியாதுன்னாங்க, பெல்ஜியத்தோட நடுநிலைக்கு உத்தரவாதம் கொடுத்த 1839 ஒப்பந்தத்த ஜெர்மனி மதிக்கல, படை நுழைஞ்சிருச்சு, அவ்ளோதான். எனக்கு ஆர்வம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போனவங்க மேலதான். போர்ச்சுகல் முதல் ஒன்றரை வருஷம் ஐரோப்பால சண்டைல சேரல, நடுநிலைன்னும் வெளிப்படையா அறிவிக்கல. அவங்க துறைமுகங்கள்ல ஜெர்மன் கப்பலுங்க சும்மா ஒதுங்கி நின்னுச்சு, பிரிட்டனுக்கோ கப்பல் பஞ்சம். பிரிட்டன் கேட்டுச்சு, 1916 பிப்ரவரில போர்ச்சுகல் அதுங்கள எடுத்துக்கிச்சு, மார்ச் 9ல ஜெர்மனி போர் அறிவிச்சிருச்சு.

நெதர்லாந்து சாமர்த்தியமா இருந்தாங்க. இறக்குமதி சரக்கு ஜெர்மனிக்குப் போகாதுன்னு அரசாங்கமே பிரிட்டனுக்கு எழுதிக் கொடுத்தா நடுநிலை போச்சு, அதனால 1914 நவம்பர்ல வியாபாரிங்களும் பேங்க்காரங்களும் கப்பல் கம்பெனிகளும் சேந்து ஒரு தனியார் கம்பெனி ஆரம்பிச்சு, சரக்கெல்லாம் அது பேர்ல இறங்குற மாதிரி பண்ணி, அந்த கம்பெனி உத்தரவாதம் கொடுத்துச்சு. இப்ப நாங்க வாங்குற உறுதிமொழிக்கு இது தாத்தான்னே சொல்லலாம். போருக்குள்ள போகாம கடைசி வரைக்கும் தப்பிச்சாங்க, ஆனா 1918 மார்ச்ல அமெரிக்காவும் பிரிட்டனும் தங்களோட துறைமுகங்கள்ல நின்ன டச்சுக் கப்பல்கள எடுத்துக்கிட்டாங்க. நடுநிலைக்கும் பில் வரும்.

அமெரிக்காதான் எனக்கு பிடிச்ச கேஸ். 1915 மே 7ல பிரிட்டிஷ் பயணிகள் கப்பல் லூசிடானியா ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்குனதுல 1,198 பேர் செத்தாங்க, அதுல 128 பேர் அமெரிக்கர்கள், இது எல்லாருக்கும் தெரியும். எங்க வேலைல இருக்குறவங்க கண்ணு போறது மேனிஃபெஸ்ட்டுக்குத்தான். கிளம்புறப்ப கொடுத்தது ஒண்ணு, முழு சரக்கு விவரத்தோட சப்ளிமென்டரி வந்தது கப்பல் போனதுக்கு அப்பறம், அதுல ரைபிள் தோட்டாப் பெட்டிங்க இருந்துச்சு. நடுநிலை நாட்டுத் துறைமுகம், போர்ல இருக்குற நாட்டுக் கப்பல், மேல பயணிங்க, கீழ தோட்டா. அப்படியும் அமெரிக்கா உடனே போருக்குப் போகல, கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் இழுத்துச்சு.

அந்த ரெண்டு வருஷத்துல கயிறு இறுகிக்கிட்டே வந்துச்சு. 1915ல ஜே.பி. மார்கன் பேங்க் ஏற்பாட்டுல பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் 50 கோடி டாலர் கடன் போச்சு. அதுக்கும் முன்னாடியே, 1914 செப்டம்பர்லயே, அமெரிக்கக் கருவூலத்துக்குக் கீழ வார் ரிஸ்க் இன்சூரன்ஸ் பீரோ ஒண்ணு ஆரம்பிச்சிருந்தாங்க, தனியார் கம்பெனிங்க பயந்து பிரீமியத்த ஏத்துனதால. இத வரலாற்றுப் புத்தகங்கள்ல ஒரு வரில தாண்டிருவாங்க, எனக்கு இதுதான் முக்கியமா படுது. அரசாங்கமே பாலிசி போட்டிருந்தா, அந்தக் கப்பல் மேல விழுற டார்பிடோவுக்கு கிளைம் எங்க வரும்? நேரா கருவூலத்துக்குத்தான். அப்பறம் வியாபாரி நஷ்டம் வேற, நாட்டு நஷ்டம் வேறன்னு பிரிச்சுப் பேச முடியாது.

1917 பிப்ரவரி 1லேர்ந்து நீர்மூழ்கிய வச்சு கப்பல்கள கட்டுப்பாடே இல்லாம மூழ்கடிப்போம்னு ஜெர்மனி சொன்னப்ப ஒரு சலுகையும் கொடுத்துச்சு: வாரத்துக்கு ஒரு அமெரிக்கப் பயணிகள் கப்பல் இங்கிலாந்துல ஃபால்மத்துக்கு வரலாம், பக்கவாட்டுல சிவப்பு வெள்ளைப் பட்டை அடிச்சிருக்கணும், தடை செஞ்ச சரக்கு இல்லைன்னு உத்தரவாதம் வேணும். இத படிச்சப்ப சிரிச்சுட்டேன், எங்க செக்லிஸ்ட் மாதிரியே இருந்துச்சு. அமெரிக்கா பிப்ரவரி 3ல தூதரக உறவ முறிச்சுது, மார்ச் 1ல சிம்மர்மன் தந்தி (அமெரிக்காவுக்கு எதிரா கூட்டு சேரச் சொல்லி மெக்சிகோவுக்கு ஜெர்மனி அனுப்புனது) நியூஸ் பேப்பர்ல வந்துச்சு, அந்த மாசமே அமெரிக்கக் கப்பலுங்க வரிசையா மூழ்குச்சு, ஏப்ரல் 6ல போர். பாட்டி கதை மாதிரி தந்தியாலதான் போர் வந்துச்சும்பாங்க, நான் ஒத்துக்க மாட்டேன், தந்தி இல்லன்னாலும் கப்பல் கணக்கு போதும்.

அந்தப் போர்ல நடுநிலைக் கப்பலுங்க நாட்டுப் பேர பக்கவாட்டுல பெருசா எழுதிட்டு ஓடுச்சு. 2024ல செங்கடல்ல போன சில கப்பலுங்க ஏஐஎஸ்ல (கப்பல் தன்னோட அடையாளத்தையும் இடத்தையும் அனுப்புற சிக்னல்) "கப்பல்ல எல்லாரும் சீனர்கள்"னு போட்டுட்டுப் போச்சு. பெயின்ட்டுக்கு பதிலா சிக்னல், அவ்ளோதான் வித்தியாசம்.

டீம்ல புதுசா யார் வந்தாலும் கப்பலோட வார் ரிஸ்க் பாலிசில ஒரு ஷரத்த படிக்கச் சொல்லுவேன். பிரிட்டன், அமெரிக்கா, பிரான்ஸ், ரஷ்யா, சீனா, இந்த அஞ்சுல எந்த ரெண்டுக்கு நடுவுல போர் மூண்டாலும் பாலிசி தானா முடிஞ்சிரும், போர்னு அறிவிச்சாலும் சரி அறிவிக்காட்டியும் சரி. அன்னிக்கு நடுநிலை நாட்டுக் கப்பலுக்கு யார் இன்சூரன்ஸ் கொடுப்பாங்கன்னு கேட்டா முழிப்பாங்க. அந்தந்த அரசாங்கம்தான் கொடுக்கணும், 1914 செப்டம்பர்ல அமெரிக்கா கொடுத்த மாதிரி.