முகத்தில் விழுந்த கோடு: இரண்டு புரொஜக்டரை ஒரே சுவரில் சேர்த்த கதை

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். அதில் சிக்கித் திரும்பாமல் போனவர்களுக்காக எங்கள் கடற்கரை ஊரில் வருடாவருடம் அதே நாளில் திருப்பலி நடக்கும். போன முறை திருப்பலி முடிந்ததும் கூடத்தின் வெளிச்சுவர் முழுக்கக் கடலை ஓடவிட்டு, அதன்மேல் அவர்கள் ஒவ்வொருவரின் படத்தையும் காட்டுவது என்று இளைஞர்கள் முடிவெடுத்தோம். வீடியோ வேலை தெரிந்தவன் என்பதால் பொறுப்பு என்னிடம் வந்தது.

சுவரின் அகலம் 36 அடி. வாடகைக்குக் கிடைத்த 1280-க்கு 800 பிக்சல் (படப்புள்ளி) புரொஜக்டரை 30 அடி தள்ளி வைத்தால் 20 அடி அகலத்துக்குத்தான் படம் விழும். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் 4 அடி ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விட்டால் கணக்கு சரியாக 36 அடி. பிக்சலில் அந்த 4 அடி என்பது 256. ஆக முழுப் படம் 2304 பிக்சல் அகலம்.

டச்டிசைனர் என்ற காட்சி மென்பொருளில்தான் செய்தேன். நிரல் வரி எழுத வேண்டாம்; பெட்டி பெட்டியாக வைத்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வயர் இழுத்தால் போதும். காசு வாங்காத வேலைக்கு இலவசப் பதிப்பு உண்டு, ஆனால் அதில் 1280 பிக்சலுக்கு மேல் எந்தப் படமும் போகாது. 2304-ஐ உள்ளே விட வழியில்லை. அதனால் வீடியோவை முன்கூட்டியே இரண்டாக வெட்டி வைத்தேன். இடது கோப்பு 0 முதல் 1280 வரை, வலது கோப்பு 1024 முதல் 2304 வரை. இரண்டையும் டைம்லைனோடு பூட்டி ஓடவிட்டால் ஒரு பிரேம்கூடப் பிசகாது.

முந்தின நாள் சாயங்காலமே சாரம் கட்டி, மேலே தார்ப்பாய் போட்டு, புரொஜக்டர்களை ஏற்றினோம். வடகிழக்குப் பருவமழைக் காலம், வானத்தை நம்ப முடியாது. புரொஜக்டரிலேயே இருக்கும், கோணலாக விழும் படத்தை நேராக்கும் கீஸ்டோனை அணைத்துவிட்டு, மூலைகளை மென்பொருளிலேயே இழுத்துப் பொருத்தினேன். இடதில் சிவப்புக் கட்டம், வலதில் பச்சைக் கட்டம். இரண்டும் சரியாகப் பொருந்தினால் ஏறும் இடத்தில் கோடுகள் மஞ்சளாகிவிடும். ஓரத்தில் சிவப்போ பச்சையோ எட்டிப் பார்த்தால் இன்னும் இழுக்க வேண்டும். இதற்கே ஒன்றரை மணி நேரம் போயிற்று.

ஏறும் இடத்தில் இரண்டு வெளிச்சமும் சேர்ந்து பளீரென்று தெரியும் என்பதால், இடது படத்தின் வலது ஓரமும் வலது படத்தின் இடது ஓரமும் படிப்படியாக மங்க வேண்டும். வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போகும் ராம்ப் ஒன்றை வைத்துப் படத்தோடு பெருக்கினேன். நடுவில் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி, சேர்ந்தால் முழுசு என்று நினைத்து, ஒத்திகைக்குப் படங்களை ஓடவிட்டேன்.

ஒரு அம்மா குருசடிப் பக்கமிருந்து வந்து நின்றார். அவருடைய மகனின் படம்தான் அப்போது சுவரில், நடுவில். நெற்றியிலிருந்து மூக்கு வழியாகத் தாடை வரை நிழல் விழுந்த மாதிரி இருட்டு.

"எனக்க மோனுக்க மொகத்துல என்ன மக்களே கருப்பா ஒரு வர கெடக்கு?"

எனக்குப் பேச்சு வரவில்லை. "நாளைக்கு இருக்காது அம்மா" என்று மட்டும் சொன்னேன்.

படங்களை இடது பக்கம் நகர்த்திவிட்டால் முடிந்தது என்றார்கள் நண்பர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கடலிலும் அந்த வரி கிடக்கும், சுவரைக் கடந்து போகும் வள்ளத்தின் மேலும் விழும்.

காரணம் காமா, அதாவது அனுப்பும் அளவுக்கும் சுவரில் விழும் வெளிச்சத்துக்கும் உள்ள வளைந்த உறவு. கணினி பாதி என்று அனுப்பினால் புரொஜக்டர் பாதி வெளிச்சம் தருவதில்லை. காமா 2.2 என்றால் 0.5-க்குக் கிடைப்பது ஏறக்குறைய 22 சதவீதம். இரண்டு பக்கமும் சேர்த்தாலும் 44-தான். மிச்சம்தான் அந்த முகத்தில் விழுந்த இருட்டு. நடுவில் பாதி வெளிச்சம் வேண்டுமானால் 0.73 அனுப்ப வேண்டும். ராம்புக்குப் பின்னால் வெளிச்சத்தை மாற்றும் லெவல் பெட்டி ஒன்றைச் சேர்த்துக் காமாவை ஏற்றினேன். ராம்புக்கு மட்டும்தான் இது, படத்துக்கு அல்ல. இதை மாற்றிப் போட்டால் மொத்தப் படமும் வெளிறிவிடும். 2.2-ல் நடுவில் லேசாக வெளுப்பு தெரிந்தது. சாம்பல் நிறத்தைச் சுவர் முழுக்க விட்டு, தள்ளி நின்று பார்த்துப் பார்த்துக் குறைத்ததில் 2.0-ல் வரி மறைந்தது. ராம்பை 16 பிட்டில், அதாவது இன்னும் நுணுக்கமான வெளிச்சப் படிகளில் வைத்ததும் அதிலிருந்த படிக்கட்டு மாதிரிப் பட்டைகளும் போயின.

இன்னும் இரண்டு தொல்லை இருந்தது. ஒரு புரொஜக்டரின் விளக்கு பழசு, வெள்ளை மஞ்சளடித்தது. மங்கலானதற்கு ஏற்ப மற்றதைத்தான் இறக்க வேண்டும். புதியதில் நீலத்தைக் கொஞ்சம் குறைத்தேன். படத்துக்கேற்ப வெளிச்சத்தைத் தானாக மாற்றும் வசதியை இரண்டிலும் அணைத்தேன். இன்னொன்று கறுப்பு. புரொஜக்டர் கறுப்பைக் காட்டும்போதும் கொஞ்சம் வெளிச்சம் கசியும். ஏறும் 4 அடியில் அந்தக் கசிவு இரட்டிப்பாகி, ராத்திரிக் கடலின் நடுவே சாம்பல் பட்டையாக நின்றது. மற்ற இடங்களின் கறுப்பை உயர்த்திச் சமன் செய்யலாம், ஆனால் மொத்தமும் வெளுத்துப் போகும். அதற்குப் பதில் முழுக் கறுப்பு எங்கும் வராமல் கடலையும் படங்களின் பின்னணியையும் அடர்நீலமாக்கினேன். விடியற்காலை மூன்று மணிக்குத்தான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மழை இல்லை. கடல்காற்றில் சாரம் அசைந்து ஓரிரு பிக்சல் விலகியபோதெல்லாம் மூலையை இழுத்துச் சரிசெய்துகொண்டே இருந்தேன். வள்ளம் சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உடையாமல் போனது. பிறகு முகங்கள், ஒவ்வொன்றும் எட்டு வினாடி.

அந்த அம்மா எழுந்து சாரத்துக்கு அருகே வந்தார். "அவன இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க முடியுமா மக்களே?"

எல்லாப் படத்தையும் இருபது வினாடி ஆக்கி, முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டேன்.