அசையாத கருவில் மூட்டு: கோழிமுட்டைக் குறிப்பேடு

ஜூன் 2, காலை

முட்டைகள் இன்குபேட்டருக்குள் போய்விட்டன. 38 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 சதவீதம். எல்லாம் படுக்கை வாட்டில். அப்போதுதான் கரு மேல்பக்கம் மிதந்து வரும். பார்க்கப்போவது ஒன்றே: அசைவை நிறுத்தினால் முழங்கால் மூட்டு என்னவாகிறது?

ஜூன் 5

ஓட்டில் ஜன்னல் வெட்டும் நாள். முதலில் மழுங்கிய முனையில் துளையிட்டு 3 முதல் 4 மி.லி. வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுக்க வேண்டும். ஊசி கீழ்நோக்கிச் சாய்ந்தே இறங்கட்டும். இல்லையென்றால் மஞ்சள்கரு கிழியும். இந்தப் படியை விட்டால் கருவின் ரத்தக்குழாய்கள் முட்டையோட்டோடு ஒட்டியே கிடக்கும், கத்தரி பட்டதும் அறுந்துவிடும். கடைசியில் துளை, ஜன்னல் இரண்டையும் டேப் ஒட்டி மூட வேண்டும். ஓரம் தூக்கினால் கரு காய்ந்துபோகும்.

ஜூன் 6, மாலை

அசைவை நிறுத்தும் மருந்து, முதல் முறை. 0.5 சதவீத டெக்காமெத்தோனியம் புரோமைடு, முட்டைக்கு 100 மைக்ரோலிட்டர், இனி தினமும். ஒப்பீட்டு முட்டைகளுக்கு அதே அளவு உப்புக்கரைசல் மட்டும். இரண்டையும் வெதுவெதுப்பாக்கித்தான் விட வேண்டும்.

டெக்காமெத்தோனியம் தசையை விறைக்க வைக்கிறது. அசைவை நிறுத்தும் இன்னொரு மருந்தான பான்குரோனியம் தளர வைக்கிறது. இரண்டிலும் அசைவு நிற்கும். ஆனால் விறைத்த தசை எலும்பை இழுத்துக்கொண்டே இருக்கும், தளர்ந்தது இழுக்காது. ஒன்றில் கண்டதை மற்றதன் கணக்கில் எழுதக் கூடாது.

ஜூன் 8

கரு விட்டுவிட்டுத்தான் அசையும். ஒரு நிமிடம் சும்மா இருந்தது என்பதற்காக மருந்து வேலை செய்கிறது என்று குறிக்கக் கூடாது. ஐந்து நிமிடமாவது பார்க்க வேண்டும். இதயத்துடிப்பு தொடர்கிறதா என்பதே உயிருக்கு அடையாளம்.

ஜூன் 14

12ஆம் நாள். முழுக் காலை ஆல்சியன் நீலத்தில் சாயமேற்றினால் குருத்தெலும்பின் வடிவம் தெரியும், மூட்டுக்குழி (இரு எலும்பு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி) தெரியாது. அதற்குத் திசுவின் மெல்லிய சீவல்கள் வேண்டும்.

ஒப்பீட்டுக் கருவில் தொடையெலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே தெளிவான இடைவெளி. மருந்திட்டதில் அந்த இடம் முழுக்க செல்கள். இரு குருத்தெலும்புகளும் ஒட்டிக்கிடக்கின்றன. முனைகளின் உருண்டையும் மழுங்கியிருக்கிறது.

இங்கே ஏமாற இடமுண்டு. பதப்படுத்தும்போது திசு சுருங்கிப் பொய்ப்பிளவு விழும். அதன் ஓரம் பிய்ந்திருக்கும். உண்மையான குழியின் ஓரம் வழவழப்பாக, தட்டையான செல்கள் வரிசையிட்டதாக இருக்கும்.

ஜூன் 15

டிராக்மன், சோகோலாஃப் என்ற ஆய்வாளர்கள் 1966இலேயே கோழிக்கருவில் காட்டியது இது. மூட்டு எங்கே வர வேண்டும் என்பதை அசைவு தீர்மானிப்பதில்லை; ஜிடிஎஃப்5 மரபணு இயங்கும் செல்கள் உரிய இடத்தில் முன்கூட்டியே திரள்கின்றன. அந்தச் செல்கள் குருத்தெலும்பாக மாறிவிடாமல் நிற்பதற்கும், ஹயலூரோனன் என்ற வழுவழுப்பான பொருள் சுரந்து இரு முனைகளும் பிரிவதற்கும்தான் அசைவு தேவை. ஆனால் எல்லா மூட்டும் ஒன்றல்ல. தசையே இல்லாத சுண்டெலிக் கருக்களில் முழங்கை ஒட்டிக்கொள்கிறது, முழங்கால் பிரிந்துவிடுகிறது. கோழியின் முழங்காலைப் பார்த்துவிட்டு எலியின் முழங்காலைச் சொல்ல முடியாது.

ஜூன் 16

மனிதக் கரு ஏழெட்டு வாரத்திலேயே அசையத் தொடங்குகிறது. முதல் கர்ப்பத்தில் தாய் அதை உணர்வது பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்தில். மூட்டின் முக்கியமான வேலை அதற்கு வெகு முன்பே நடந்துவிடும். கருவில் அசைவு குன்றினால் பல மூட்டுகள் மடங்கி இறுகிய நிலையில் குழந்தை பிறக்கலாம். ஆர்த்ரோகிரிபோசிஸ் எனப்படும் இது ஏறத்தாழ 3000 பிறப்பில் ஒன்று.

கரு அசைய இடமும் முக்கியம். 1998இல் வெளியான கனடா ஆய்வில், 11-12 வாரத்திலேயே பரிசோதனைக்காகப் பனிக்குட நீர் (கருவைச் சூழ்ந்த நீர்) எடுக்கப்பட்டவர்களின் குழந்தைகளில் வளைபாதம் 1.3 சதவீதம், 15 வாரத்துக்குப் பின் எடுத்தவர்களின் குழந்தைகளில் 0.1. அந்தப் பரிசோதனையைச் சீக்கிரம் செய்வதில்லை என்பதற்கு இது ஒரு வலுவான காரணம்.

இடுப்பில் நிலைமை வேறு. மூட்டு உருவாகியிருக்கும்; கடைசி மாதங்களில் புட்டம் கீழாக, முழங்கால் நீட்டியபடி கரு நெருக்குண்டு கிடந்தால் தொடையெலும்பின் தலை கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாமல் போகலாம். அப்படி இருந்த குழந்தைக்கு, தொட்டுப் பார்த்ததில் எல்லாம் சரி என்றாலும், ஆறு வார வாக்கில் இடுப்பு ஸ்கேன் எடுக்க வேண்டும். துணி சுற்றும்போது கால்கள் மடங்கி விரிய இடம் இருக்கட்டும். நீட்டி இறுக்கிக் கட்டக் கூடாது.